மூணு சால் பச்சை

தொங்கட்டான் வெச்சே பண்ணிப்போடுங்க பத்தரே. பெருசா. கோயல்ல கடைசிப் பந்தியில உக்காந்து திங்கறவன் நிமிந்து பாத்தாலும் தெரியோணும். மூணு வயசுப் புள்ளைக்குக் காது தாங்காதுங்கறீங்க, அது எனக்கும் தெரியும். தாங்காட்டி மக்யா நாள் கழட்டி வெச்சுக்கட்டும். குத்தற அன்னிக்கு ஒரு நாள் கெடந்தாப் போதும். எவன் மடியில வேணாலும் உக்காரட்டுங்க, காதுல ஆடறது எம்பட தோடா இருக்கோணும்.

ஆமாங்க, தாய்மாமன் நாந்தான். கல்லாங்காட்டு வலசு நாச்சிமுத்துன்னா நானேதான். வர்ற வெள்ளிக்கெழமை எந்தங்கச்சி சாந்தாமணி புள்ளைக்குக் கொலதெய்வக் கோயல்ல காது குத்து. மாமன் மடியில வெச்சுத்தான் குத்தோணும், அது உங்களுக்கு நாஞ் சொல்லோணுமா. ஆனா மடி என்னுது இல்லையாம். எங்க பெரியப்பன் மவன் சென்னியப்பன் இருக்கறானே, தேங்காக் களம் வெச்சிருக்கறவன், அவன் மடியாம். அவனுக்கு மடியே கெடையாதுங்க, வயிறுதான். புள்ளை எங்க உக்காரும்னு தெரியலை.

நீங்கதான் குத்தப் போறீங்கன்னு எங்கூட்டுக்காரி சொன்னா. தோடு வேணும்னா அந்தப் பத்தர்கிட்டயே போங்கன்னு அவதான் தொரத்தி உட்டா. எனக்கும் தோதாப் போச்சு. தோட்டை நீங்களே கையோட கொண்டு போயிருங்க. மாமன் குடுத்து உட்டாருன்னு ஒரு வார்த்தை, எல்லாத்துக்கும் கேக்கறாப்புல சொல்லிப்போடுங்க. நான் வர மாட்டேன். தட்டத்துல வெத்தலை பாக்கு வெச்சுக் கூப்படாத எடத்துக்கு நான் எதுக்குங்க வாரேன்.

எதுக்குச் சண்டைன்னு நீங்க கேக்கலை. ஆனா கேக்கறாப்புலயே பாக்கறீங்க. சொல்றேன். அந்த ஊதுகொழலைக் கொஞ்சம் கீழ வெச்சுப்போட்டுக் கேளுங்க. சரி, ஊதிக்கிட்டே கேளுங்க, நெருப்பு அமிஞ்சிரப் போகுது.

எங்கப்பன் காட்டுல மேக்கால பாதி எனக்கு, கெழக்கால பாதி அவளுக்கு. அதுல எனக்கு ஒரு வருத்தமும் இல்லைங்க. பங்கு கேட்டா, குடுத்தேன். வருத்தமே இல்லைன்னு ஊருக்குள்ள எல்லாத்துகிட்டயும் சொல்லீட்டுத்தான் இருக்கறேன். மாப்ளைக்கு மில்லு வேலை போனதும் ரெண்டு பேரும் வந்து காட்டுலயே ஊட்டைக் கட்டிக் குடியிருக்கறாங்க. அவ காட்டுக்கும் எங்காட்டுக்கும் நடுவால ஒரு பொழி. வரப்புதானுங்க, நாங்க பொழிம்போம். ஒரு எட்டு வெச்சா இந்தப் பக்கம், இன்னொரு எட்டு வெச்சா அந்தப் பக்கம்.

ரெண்டுமே சுக்கான் பூமி. ஒழவோட்டுனா வெள்ளை வெள்ளையாக் கட்டி மேல வரும், அத்தனையும் சுண்ணாம்பு. எங்க கெணத்துத் தண்ணியக் காய்ச்சுனா பாத்தரத்துல வெள்ளையா அப்பிக்கும். அதுலதான் எங்கப்பன் காலத்துல இருந்து வெள்ளாமை பண்ணிப் பொழைக்கறோம். ஆனிக் கடைசியில நான் கடலக்கா போட்டேன். அவ மக்காச்சோளம் போட்டா.

போடட்டும். வேண்டாங்கலை. ஆனா பொழிய ஒட்டியா போடறது? பொழியில இருந்து ஒரு கையளவு எடம் உட்டுத்தான் வெதைக்கோணும். எங்கப்பன் அப்பிடித்தான், நானும் அப்பிடித்தான். இவ பொழி மேல ஏறாத கொறை. என்ன சாந்தாமணி இதுன்னு கேட்டா, "பக்கத்துல இருந்தா என்னங்கண்ணா, உங்க காடு தானே"ன்னு சிரிக்கறா. உங்க காடு தானேன்னா என்னங்க அர்த்தம்? அப்பவே எனக்கு ஒரு மாதிரி இருந்துது.

ஒரு மாசம் போச்சு. எங் கடலைச் செடி மஞ்சளாப் போக ஆரம்பிச்சுது. அடியில இருக்கற பழைய எலை நல்லாத்தான் இருக்குது. கொழுந்துதான் மஞ்சள். நரம்பு மட்டும் பச்சையா ஓடுது, நரம்புக்கு நடுவால வெளுத்துப் போச்சு. அப்பறம் நரம்பும் வெளுத்துப் போச்சு. கடசில காயிதமாட்ட ஆயிருச்சு. காடு பூராவும் மஞ்சக்காமாலை வந்தவனாட்ட நிக்குது.

உரக்கடைக்காரன்கிட்டக் கொண்டு போய்க் காட்டுனேன். இரும்புச்சத்து இல்லைங்க, அன்னபேதி போடுங்கன்னான். நாட்டு மருந்துக் கடையில இருக்குமில்லைங்க, பச்சைக் கல்லாட்ட, அதேதான். மூட்டையாக் கொண்டாந்து மண்ணுல போட்டேன். மண்ணு அத்தனையும் முழுங்கிப்போட்டுச் சும்மா இருந்துது. செடி இன்னும் கொஞ்சம் வெளுத்துது.

இப்பத்தான் விசயமே. காடு பூரா மஞ்சளாக் கெடக்குது, ஆனா அவ பொழிய ஒட்டி என்னுது மூணு சால், மூணே மூணு வரிசை, கருகருன்னு பச்சையா நிக்குது. அதே வெதை, அதே தண்ணி, அதே கைதான் வெதைச்சுது. அது எப்பிடிங்க? நானும் பொழி மேல உக்காந்து உக்காந்து யோசனை பண்ணுனேன். ஒரு நா பட்டுன்னு புடிபட்டுப் போச்சு. எங்காட்டுல இருக்கற சத்தை அவ மக்காச்சோளம் இழுக்குது. மேக்கால இருந்து கெழக்கால அத்தனை சத்தும் நவுந்து போகுது. போற வழியில இந்த மூணு சாலும் தின்னுக்குது, அதனால பச்சையா இருக்குது. வாய்க்காலோரத்துப் புல்லு பச்சையா இருக்குமில்லைங்க, அந்தக் கணக்குத்தான். தலைய ஆட்டறீங்க பாருங்க. யார்கிட்டச் சொன்னாலும் ஒத்துக்குவாங்க, அத்தனை தெளிவா இருக்குது.

ஊட்டுக்காரிதான் ஒத்துக்கலை. அவளுக்கு வெவசாயம் தெரியாது.

வேலியோரத்துல அடுத்தவன் தென்னை மரம் இருந்து வேரு நம்ம காட்டுக்குள்ள வந்தா என்ன பண்ணுவோம்? நடுவால குழியெடுத்து வேரை வெட்டி உடுவோம். எங்க பக்கம் எல்லாரும் பண்றதுதான், ஒருத்தரும் தப்புன்னு சொல்ல மாட்டாங்க. மரத்துக்கு எடுக்கறதை நான் மக்காச்சோளத்துக்கு எடுத்தேன். அவ்வளவுதான் வித்தியாசம். ஜேசிபி கொண்டாந்து பொழி நெடுக, எங்காட்டுப் பக்கமாவே, ஆளு நெஞ்சளவுக்கு நோண்டிப் போட்டேன். அவ மண்ணு ஒரு பிடி தொடலைங்க. நாயம் பாத்துத்தான் பண்ணுனேன்.

சத்தத்தைக் கேட்டுட்டு அவ வந்து நின்னா. இடுப்புல புள்ளை. "என்னங்கண்ணா பண்றீங்க"ன்னா. "உன்ர வேரை வெட்டறேன்"னேன். "வேரு தானுங்கண்ணா, வந்தா வந்துட்டுப் போகுது, உங்களை என்ன பண்ணுது"ன்னா. எனக்கு வந்துதுங்க கோவம். "எங்கிட்ட இருந்து உறிஞ்சாம உனக்கு எதுதான் வெளைஞ்சுது சாந்தாமணி"ன்னு கேட்டுப்போட்டேன். புள்ளைய இந்த இடுப்புல இருந்து அந்த இடுப்புக்கு மாத்துனா. ஊட்டுக்குள்ள போயிட்டா.

நான் மக்காச்சோளத்தைத்தான் சொன்னேன்.

அன்னிக்கு ஊட்டுக்காரி சோத்தைப் போட்டுட்டுப் பக்கத்துல உக்காரலை. "பதினோரு வருசம் கழிச்சுப் பெத்த புள்ளைய இடுப்புல வெச்சுட்டு நிக்கறவகிட்ட என்ன வார்த்தை சொன்னீங்க"ன்னா. மக்காச்சோளத்தைச் சொன்னேன்னு இவகிட்டயும் சொன்னேன். பொம்பளைங்க ஒண்ணைச் சொன்னா ஒண்ணுல கொண்டு போய் முடிச்சுப் போடுவாங்க பத்தரே, நாம என்ன பண்றது.

அந்தப் பதினோரு வருசமும் கோயமுத்தூர் ஆஸ்பத்திரிக்கு அவளைக் கூட்டீட்டுப் போனது யாருன்னு கேளுங்க. நாந்தான். மாப்ளைக்கு மில்லுல லீவு குடுக்க மாட்டாங்க. பஸ்ல சன்னலோரம் அவளுக்கு, வாந்தி வரும். போற எடத்துலயெல்லாம் என்னையப் புருசன்னு நெனச்சுட்டுத் திட்டுவாங்க. அண்ணனுங்க, நான் அண்ணனுங்கன்னு சொல்லிச் சொல்லியே வயசாயிருச்சு. புள்ளை பொறந்த அன்னிக்கு நர்ஸம்மா வெளிய கொண்டாந்து மொதல்ல எங்கைலதான் குடுத்துது. எனக்கு அழுகை வந்துருச்சுங்க. அதைச் சொல்றதுக்கென்ன. இப்பிடியெல்லாம் பண்ணுனவன் போய் அந்த அர்த்தத்துல சொல்லுவனா? அவளுக்கே தெரிய வேண்டாமா?

புள்ளைக்குப் பேரு சஷ்விகா. எம்பட வாயில நொழையாது, நான் ஆத்தாக்குட்டிம்பேன். காலையில நான் காட்டுல இருந்தாப் போதும், மக்காச்சோளத்துக்குள்ள பூந்து வந்துரும். புள்ளை தெரியாது, செடி மட்டும் ஆடும். மாமோவ்னு சத்தம் வரும். மக்காச்சோளத் தாளு அறுக்குமில்லைங்க, கையி கன்னமெல்லாம் கீறிட்டு வந்து நிக்கும். கீறுன எடத்தைக் காட்டும், நான் ஊதி உடோணும். ஊதுனா சரியாப் போச்சும்பா. எனக்கு ரெண்டும் பசங்க, திருப்பூர்ல பனியன் கம்பெனியில இருக்கறாங்க, ஊதி உடச் சொல்லி ஒருத்தனும் வரமாட்டான்.

இப்ப வர முடியாது. குழி இருக்குதில்ல. அந்தப் பக்கம் வந்து நிக்கும், பாக்கும், அவங்கம்மா கூப்புட்டாப் போயிரும்.

சரி, குழியெடுத்தமே, கடலை என்னாச்சுன்னு கேளுங்க. பத்துப் பாஞ்சு நாள்ல அந்த மூணு சாலும் மஞ்சளாப் போச்சு. பாத்தீங்களா? நாஞ் சொன்னது ரூவாயிக்கு ரூவா ருசுவாயிருச்சு. சத்து போற வழிய அடைச்சமுங்க, வழியில தின்னுட்டு இருந்ததுக்கும் இல்லாமப் போச்சு. அப்பப் போயிட்டு இருந்தது நெசந்தானே?

இதை ஒரு பெரிய எடத்துல ருசுப்படுத்திக் கொண்டாந்து அவ மொகத்துக்கு நேரா வெக்கோணும்னு, மண்ணு ஒரு பை, குழியெடுக்கறதுக்கு முந்தியே புடுங்கி வெச்ச பச்சைச் செடி காஞ்சது ஒரு கட்டு, மஞ்சள் செடி ஒரு கட்டு, எல்லாத்தையும் எடுத்துட்டுப் பயிர் ஆராய்ச்சி பண்ற எடத்துக்குப் போனேன். அங்க ஒரு ஆபீசரம்மா. சின்ன வயசுதான். என்னைய உக்கார வெச்சுக் காப்பித்தண்ணி குடுத்து முழுசாக் கேட்டுது. கேட்டுப்போட்டு, "உங்க மண்ணுல இரும்பு வேண்டிய மட்டும் இருக்குதுங்கய்யா"ன்னுது.

இருந்தா ஏம்மா மஞ்சள் அடிக்குதுன்னேன். சுண்ணாம்பு அதைக் கட்டிப் புடிச்சு வெச்சிருக்குதாம், உட மாட்டேங்குதாம். நீங்க போட்ட அன்னபேதியையும் அதேதான் கட்டி வெச்சிருக்கும்னுது. இப்ப உங்க பட்டறை மண்ணைக் கூட்டி வாங்கீட்டுப் போறாங்களே, அதுல தங்கம் இருக்குது, இருந்து என்ன, திராவகம் ஊத்துனாத்தானே வெளிய வரும், அந்த மாதிரி போல. கடலைச் செடி சும்மா இருக்கறதில்லையாம். பசிச்சா வேருல புளிப்பா ஒண்ணை உட்டு இரும்பைக் கரைக்கப் பாக்குமாம். சாதாரண மண்ணுல அது பலிக்கும். எங்க மண்ணுல சுண்ணாம்பு அந்தப் புளிப்பையும் முறிச்சுப் போடுதாம். அது என்னதான் பண்ணும் பாவம்.

மக்காச்சோளம் வேற சாதியாம். சோளம், கம்பு, மக்காச்சோளம் எல்லாம் புல்லு வகை. அதுக வேருல இருந்து வேற ஒரு சாத்தை உடுமாம். அந்தச் சாறு இரும்பைக் கவ்விப் புடிச்சுக்கும், சுண்ணாம்பால பிரிக்க முடியாது. அப்பிடி வெளிய இழுத்ததுல அது தின்னது போகப் பக்கத்துல இருக்கற கடலைக்கும் கெடைக்குமாம். "அதனாலதானுங்கய்யா அந்த மூணு வரிசை பச்சையா இருந்துது. நடுவால குழியெடுத்தீங்க, நின்னு போச்சு"ன்னுது.

எனக்கு இது சரியாப் படலைங்க. ஒண்ணொண்ணாக் கேட்டேன். இரும்பு யாருதும்மா? "உங்களுதுங்கய்யா." சாறு யாருது? "உங்க தங்கச்சி பயிரோடது." அப்ப என்ர காட்டுக்குள்ள என்னையக் கேக்காம அவ பயிரு சாத்தை உட்டிருக்குதில்ல? ஆபீசரம்மா அந்தச் செடிக் கட்டை எடுத்துத் திருப்பிப் பாத்துது. அப்பறம், "ஆமாங்கய்யா, கேக்காமதான் உட்டிருக்குது. உங்க கடலைக்குச் சோறு போட்டிருக்குது"ன்னுது.

மொதல்லயே சொல்லியிருக்கலாமில்லைன்னேன். யாருங்கய்யான்னுது. எந்திரிச்சு வந்துட்டேன்.

வரும்போதே ரெண்டு விசயஞ் சொல்லி உட்டுது. இப்போதைக்கு அன்னபேதியத் தண்ணியில கரைச்சு, எலுமிச்சம்பழம் பிழிஞ்சு, மண்ணுல போடாம எலை மேல அடிக்கோணும். அடுத்த தடவை வெதைக்கறப்பக் கடலைக்கு நடுநடுவால மக்காச்சோளச் சாலு உடோணும். மொதலாவதைப் பண்ணுனேன். செடி தேறிக்கிட்டு வருது, கொழுந்து பச்சை கட்டுது. ரெண்டாவதைப் பத்தி யோசனை பண்ணலை. மக்காச்சோளம் எனக்கு ஆகாது.

அந்த மருந்தடிச்ச அன்னிக்கு ஒரு கூத்து. நான் முதுகுல டேங்க்கை மாட்டீட்டு, மூக்குல துண்டைக் கட்டீட்டு, மோட்டார் சத்தத்துல அடிச்சுட்டு இருக்கறேன். குழிக்கு அந்தப் பக்கம் சாந்தாமணி வந்து நின்னா. நல்ல சீலை கட்டியிருந்தா, கையில என்னமோ தட்டம். மொளகா காய வெக்க வந்திருப்பா. எஞ்செடி வெளுத்துக் கெடக்கறதை வேடிக்கை பாக்கத்தான் நிக்கறான்னு எனக்குத் தெரியாதா? நான் நிமிரவே இல்லை. ரொம்ப நேரம் நின்னா. நானும் அந்த ஒரு சாலையே திருப்பித் திருப்பி அடிச்சேன். அப்பறம் போயிட்டா. அதுக்கடுத்துத்தான் ஊட்டுக்காரி வந்து சொல்றா, சென்னியப்பன் மடியில குத்தப் போறாங்களாமுன்னு.

அவ்வளவுதானுங்க பத்தரே. இதுல எம்மேல என்ன தப்பு இருக்குது? நீங்க பொதுவான ஆளு, நீங்களே சொல்லுங்க.

என்னங்க? மறுக்காச் சொல்லுங்க.

இங்கயா? நேத்தா வந்தா? சாந்தாமணியா?

ஊசியும் நூலும் கொண்டாந்தாப் போதும்னாளா. தோடு எங்கண்ணன் கொண்டாருவாருன்னாளா. கொண்டாராட்டின்னு நீங்க கேக்கலையா? கேட்டீங்களா. என்ன சொன்னா?

மொட்டையடிச்சுப்போட்டு ஊட்டுக்குத் திரும்பிருவோம், காது அப்பறம் பாத்துக்கலாம்னாளா.

அப்பச் சென்னியப்பன்? அவனுக்குச் சாப்பாட்டுக்குத்தான் அழைப்பா. மடிப் பேச்சே இல்லையா? இல்லைங்க, எங்கூட்டுக்காரி சொன்னாளே. அவகிட்ட யாரோ தப்பாச் சொல்லியிருக்கறாங்க. போயிக் கேக்கறேன் யாருன்னு.

தட்டமா? அது வெத்தலை பாக்குத் தட்டமா?

அவ கூப்படத்தான் வந்தாளா. குழியத் தாண்ட முடியலைன்னாளா. அண்ணான்னு கூப்புட்டாளாம், நான் திரும்பலையாம். மோட்டாருங்க பத்தரே. மோட்டார் சத்தத்துல எப்பிடிக் கேக்கும்? ரோட்டைச் சுத்தி ஊட்டுக்கு வந்திருக்கலாமில்ல? வாசல்ல வந்து நின்னும் அண்ணன் இப்பிடியே மொகங் குடுக்காட்டி என்ன பண்றதுன்னு பயமா இருந்துதுன்னாளா.

அவளா. எங்கிட்டயா. பயம்னா சொன்னா?

அழுதாளாங்க இங்க?

கொஞ்சம் தண்ணி இருந்தாக் குடுங்க. இல்லை, பொகைங்க, கண்ணுல படுது. நீங்க எப்பிடித்தான் நாள் பூரா இதுல உக்காந்திருக்கறீங்களோ. ஊதுங்க, நீங்க ஊதுங்க, எனக்கொண்ணுமில்லை.

அந்த ஜேசிபிக்காரன் இங்க பஸ் ஸ்டேண்டுப் பக்கந்தான் வண்டிய நிறுத்துவான். போற வழியில பாத்துச் சொல்லிப்போட்டுப் போறேன். எடுத்த மண்ணு கரையிலயே கெடக்குது, தள்ளி மூடறதுக்கு அரை நாள் போதும். வேருக்காகத்தானுங்க மூடறேன். ஆபீசரம்மா அத்தனை தூரம் சொல்லுச்சில்ல. இந்த வருசம் அறுந்த வேரு இனி எங்க வரப் போகுதுங்கறீங்களா? வராட்டி அடுத்த வருசத்துக்கு ஆகுது. எப்ப மூடுனாலும் மூடித்தானே ஆகோணும்.

வியாழக்கெழமைக்குள்ள தோடு ஆயிருமில்லைங்க? நீங்க கொண்டு போக வேண்டாம். நானே வந்து வாங்கிக்கறேன்.

பத்தரே, இன்னொண்ணு. தொங்கட்டான் வேண்டாங்க. தட்டையா, காதோட ஒட்டுனாப்புலப் பண்ணுங்க. திருகும் வெளிய நீட்டப்படாது. குழிய மூடிட்டாப் புள்ளை மக்காச்சோளத்துக்குள்ள பூந்துதான் வரும், சொன்னாக் கேக்காது. தாளு மாட்டி இழுத்துப் போட்டா, புதுசாக் குத்துன காது, வலிக்குமுங்க.